வராத ஒன்றுக்கு வைத்த சடங்கு

எனக்குப் பதினைந்து வயதில் சாமத்திய வீடு, அதாவது பூப்புச் சடங்கு, செய்தார்கள். முற்றத்தில் பந்தல், வாசலில் வாழை, ஊருக்கெல்லாம் சாப்பாடு, படம் பிடிக்கப் பட்டணத்திலிருந்து ஓர் ஆள். ஒன்றிலும் குறைவில்லை. நான் பெரியபிள்ளை ஆகவில்லை என்பது மட்டும்தான் குறை.

இதை வாசிக்கிற சிலருக்குச் சிரிப்பு வரும். வரட்டும். எங்கள் தீவு ஊரான கரம்பொனில் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டார்கள், எனக்கும் கூச்சம் விட்டுப்போயிற்று. ஆனால் அந்தப் பந்தலிலிருந்து புறப்பட்ட பாதை ஒன்று என் தலையோட்டைத் திறந்து செய்த சத்திரசிகிச்சை வரைக்கும் நேரே போகிறது. அதை நான் எழுதாமல் வேறு யார் எழுதுவது? இப்போது சண்டை ஓய்ந்திருக்கிறது. பாதை திறந்திருக்கிறது, கொழும்பிலிருந்து என் மருந்துக் குளிசைகள் வருகின்றன, தலையிடி இல்லை. இது எத்தனை நாளைக்கு என்று ஒருவருக்கும் தெரியாது. அதனால்தான் அவசரப்படுகிறேன்.

முதலில் அந்தச் சடங்கு.

அம்மாவின் ஒரே தம்பி, என் மாமா, கிரேக்கக் கப்பலில் வேலை செய்தார். சில வருடங்களுக்கு ஒருக்காத்தான் ஊர்ப்பக்கம் வருவார். எங்கள் ஆட்களுக்குள் பெண்பிள்ளையின் சடங்கென்றால் தாய்மாமன் முன்னுக்கு நிற்கவேண்டும், அவர் கையால் தண்ணீர் வார்க்கவேண்டும். அந்த முறை அவர் வந்து நின்றபோது பெரியப்பாவின் பெண்பிள்ளைகளில் என்னைவிட இளையவர்களுக்குக்கூடச் சடங்கு முடிந்திருந்தது. என்னில் அதன் அசுகை, அறிகுறி ஒன்றும் இல்லை. மாமாவின் லீவு முடியப்போகிற கிழமை, அம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனா.

“வதனி, மாமா இனிப் போனால் எப்ப வருவானோ தெரியாது. கடலில திரியிறவன். நாடும் இருக்கிற இருப்பு.”

“அதுக்கு நான் என்ன செய்ய?”

“ஒண்டும் செய்யவேண்டாம். பேசாமல் இரு. நீ ஆகீட்டாய் எண்டு நான் சொல்லப்போறன்.”

“ஆகேல்லையே அம்மா!”

“இண்டைக்கில்லாட்டி நாளைக்கு ஆகத்தானே போறாய். ரெண்டு மாதம் முந்திச் செய்தால் வானம் இடிஞ்சு விழுமோ?”

அம்மா அதைப் பொய் என்றே நினைக்கவில்லை. வரப்போகிற ஒன்றைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்து வைப்பதாகத்தான் நினைத்தா. அப்பாவுக்குக்கூடச் சொல்லவில்லை. மாமா கண் கலங்கத் தண்ணீர் வார்த்தார், சங்கிலி போட்டார், கப்பலுக்குத் திரும்பிப் போனார்.

இரண்டு மாதம் போயிற்று. ஆறு மாதம் போயிற்று. ஒன்றும் வரவில்லை. ஆனால் ஊருக்குக் கண் இருக்குமே! ஆகவே மாதத்தில் ஐந்து நாள் அம்மா என்னைக் கோயிலுக்கு விடமாட்டா, குசினி அடுப்படிக்கு விடமாட்டா. எனக்கென்று தனிப்பாய். பக்கத்து வளவுக்குக் கேட்கத்தக்கதாக, “எடி வதனி, அங்கால தொடாதை!” என்று ஒரு சத்தமும் போடுவா. வராத ஒன்றுக்கு மாதம் தவறாமல் விடுமுறை! எனக்கென்ன, மூலையில் இருந்து உயிரியல் புத்தகம் வாசித்தேன். அம்மா திகதி பிசகாமல் நாலு வருடம் அதை நடத்தினா. நடத்தி நடத்தி, கடைசியில் அது உண்மையாகவே நடக்கிறதுபோல எங்கள் இரண்டு பேருக்கும் பழகிவிட்டது. தனியே இருக்கும்போதுகூட நாங்கள் அதைப்பற்றிக் கதைப்பதில்லை.

நான் வளரவும் இல்லை. சடங்குக்குத் தைத்த சட்டை நாலு வருடம் கழித்தும் அளவாக இருந்தது. ஊர்காவற்றுறை பஸ்ஸில் கொண்டக்டர் கேளாமலே அரை ரிக்கற் கிழிப்பார். இந்திய ஆமி நின்ற காலத்தில் என் வகுப்புப் பிள்ளைகளைச் சோதனைச் சாவடியில் வரிசையாக நிறுத்தி விசாரிப்பார்கள், என்னைக் கையசைத்துப் போகவிடுவார்கள். “சின்னனா இருக்கிறதும் இந்தக் காலத்தில ஒரு காவல்தான்” என்பா அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் விஞ்ஞானம். பயப்படாதீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். மூளைக்குக் கீழே, மூக்கின் அடிக்கு நேர் பின்னால், ஒரு கச்சான் (நிலக்கடலை) பருப்பளவில் கபச்சுரப்பி என்று ஒன்று இருக்கிறது. எவ்வளவு உயரம் வளரவேண்டும், எப்போது பெரியபிள்ளை ஆகவேண்டும் என்பதெல்லாம் அதன் உத்தரவு. அந்த உத்தரவு எல்லாருக்கும் ஒரே வயதில் வருவதில்லை. சிலருக்குப் பத்தில் வரும், சிலருக்குப் பதினாறில் வரும். பிந்தி வருகிற பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோருக்கு ஒரு நோயும் கிடையாது. தாயும் பிந்தியிருப்பா, மகளும் பிந்துவாள், அவ்வளவுதான். ஆனால் பிந்துவது வேறு, நிற்பது வேறு. பிந்துகிற பிள்ளை மெதுவாகவேனும் வளர்ந்துகொண்டிருக்கும். நான் நின்றுபோயிருந்தேன். இந்தச் சுரப்பிக்கு நேர் மேலேதான் இரண்டு கண்களின் நரம்பும் ஒன்றையொன்று குறுக்கே கடந்து போகின்றன. புத்தகத்தில் எல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தை எனக்குப் பாடமாகவே தெரியும். அது என்னைப்பற்றிய பக்கம் என்று மட்டும் தெரியவில்லை.

பத்தொன்பதாவது வயதில், சோதனை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருந்த நாட்களில், தலையிடி தொடங்கியது. விடியப்புறம் எழும்பும்போதே இடிக்கும், வயிறு புரட்டிச் சத்தி எடுத்தால் குறையும். கூடவே தாகம். எங்கள் வளவுக் கிணறு உவர். குடிதண்ணீருக்கு அப்பா சைக்கிளில் பிளாஸ்டிக் கான் கட்டிக்கொண்டு தூரத்து நல்ல கிணற்றுக்குப் போய்வருவார். ஒரு நாளைக்கு ஒரு கான் கண்ட வீட்டில் நான் ஒருத்தியே ஒரு கானைக் குடித்து முடிப்பேன். அப்பா பின்னேரமும் ஒருக்கா சைக்கிளை எடுக்கத் தொடங்கினார், அவ்வளவுதான்.

கண் பரிசோதிக்கிற இடத்தில் கண்ணாடி தந்தார்கள். அங்கேயும் கேட்டார்கள், மாத சுகம் ஒழுங்கோ என்று. “ஓம் ஓம், ஒழுங்கா வரும்” என்றா அம்மா. கண்ணாடி போட்டபிறகும் கதவு நிலையில் தோளை இடித்தேன். பக்கத்தில் வந்து நிற்கிறவர்கள் திடீரென்று முளைத்ததுபோல் இருந்தார்கள். ஒரு நாள் இடப்பக்கமிருந்து வந்த மாட்டை நான் காணவேயில்லை. சைக்கிளோடு அதன்மேல் போய் விழுந்தேன். மாடு வெள்ளை நிறம், நடுப்பகல். அப்பா அன்றைக்கே என்னைப் பட்டணத்து ஆசுப்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

அது பெண் நோயாளர் வாட், ஆண்கள் நிற்க ஏலாது, அப்பா வெளி விறாந்தையோடு சரி. என்னோடு அம்மா நின்றா. பெரிய டொக்டர் ஒரு கூட்டம் புடைசூழ வந்தார். கேள்விகள் என்னை நோக்கி வரும், பதில் அம்மாவிடமிருந்து போகும். அதுதான் எங்கள் வழக்கம்.

“பெரியபிள்ளை ஆனது எப்ப?”

“பதினைஞ்சு வயசில, ஐயா. பெரிசாச் செய்தனாங்கள். தாய்மாமனும் நிண்டவர்.”

“மாதாமாதம் பிசகில்லாமல் வருதோ?”

“திகதி தப்பாது ஐயா.”

அம்மாவின் குரலில் ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லை. நாலு வருடம் எண்ணி நடத்தியவா அல்லவா! போர்வையை விலக்கிப் பார்க்க முயன்றபோது, “குமர்ப்பிள்ளை ஐயா” என்று அம்மா குறுக்கே கை வைத்தா. அவரும் மரியாதைக்கு விட்டுவிட்டார். பெரிய டொக்டர் தன் மாணவர்களுக்கு இங்கிலீசில் சொன்னதை நான் விளங்கிக்கொண்டேன். மாதப்போக்கு ஒழுங்காக இருக்கிறது, எனவே சுரப்பிப் பக்கம் பிழையில்லை, வேறு பக்கம் தேடுங்கள்.

அப்போதாவது நீ வாயைத் திறந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வாட் முழுக்கச் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தது. அரைவாசிப் பேர் தீவுப்பக்கத்து ஆட்கள். அம்மாவின் கை என் கையைப் பிடித்திருந்தது. அதற்குமேல் எனக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை.

வேறு பக்கம் தேடினார்கள். இரத்தம் எடுத்தார்கள், எடுத்துக்கொண்டே இருந்தார்கள். சயரோகமோ என்று தோலுக்குள் மருந்தேற்றிப் பார்த்தார்கள். இறால்போல வளைந்து கிடக்கச் சொல்லி முள்ளந்தண்டுக்குள் ஊசி விட்டு நீர் எடுத்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு நாள் தலை தூக்க ஏலாமல் கிடந்தேன். ஒவ்வொரு பரிசோதனைக்கும் மறுமொழி வரக் காத்திருக்கவேண்டும். மறுமொழி நல்லதாகவே வரும். நல்ல மறுமொழி வரவர என் கண் மோசமாகிக்கொண்டு போனது. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லச்சொல்ல ஒரு பிள்ளை குருடாவதை நினைத்துப் பாருங்கள். போர்வையைக் கடித்துக்கொண்டு கிடப்பேன். பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டி இருக்கும், அதற்குள் நான் எதைப் பார்ப்பேன் என்று அதையே திருப்பித் திருப்பி யோசிப்பேன்.

வலப்பக்கத்துக் கட்டிலில் அல்லைப்பிட்டி பிலோமினாக்கா இருந்தா. சீனி வியாதியில் கால் புண் ஆறாமல் வந்தவா. கணவர் கடலுக்குப் போகிறவர். வாய் ஓயாத மனுசி.

“எத்தினை வயசெண்டனீர்? பத்தொன்பதோ? பொய். உம்மைப் பறியில போட்டு நான் தோளில கொண்டுபோவன், மீனெண்டுதான் சனம் விலை கேக்கும்.”

“என்ன விலை சொல்லுவீங்கள் அக்கா?”

“முள்ளுத்தான் கிடக்கு. சும்மாதான் குடுக்கவேணும்.”

நான் சிரிப்பேன். அம்மா சிரிக்கமாட்டா.

என் வயதைச் சந்தேகித்த இன்னொருவர் வாட்டில் பயிற்சியில் இருந்த பெண் டொக்டர். என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். முதல் நாள் என் முகத்தைப் பார்த்துப் பன்னிரண்டு என்று எழுதிவிட்டுப் பிறகு வெட்டித் திருத்தியவர். அந்தத் திருத்தல் அவரை விடவில்லை போலும். ஒரு காலை, “இடக்கையை ஒருக்காப் படம் எடுப்பமோ?” என்றார்.

“கண்ணுக்கு வந்தனாங்கள், கைக்கு என்ன?” என்றா அம்மா.

படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து எனக்குத்தான் விளங்கப்படுத்தினார். வளர்கிற பிள்ளையின் எலும்பு முனைகளில் இன்னும் எலும்பாகாத குருத்துப் பட்டி ஒன்று இருக்கும். படத்தில் அது கறுப்புக் கோடாகத் தெரியும். பெரியபிள்ளை ஆனபின் அந்தக் கோடு ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வரும், வளர்ச்சியும் நிற்கும். கை எலும்பைப் பார்த்து உடம்பின் உண்மையான வயதைச் சொல்லலாம்.

“உம்முடைய கோடெல்லாம் திறந்து கிடக்கு. இது பதினொண்டு, பன்னிரண்டு வயசுக் கை. சடங்கு முடிஞ்சு நாலு வருசமான பிள்ளைக்கு இப்பிடி இருக்க ஏலாது.” அவர் அம்மா பக்கம் திரும்பினார். “அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ.”

“அது வேற ஆற்றையோ கைப்படமாக்கும்.”

“இவவின்ர கைதான். நான் பக்கத்தில நிண்டனான்.”

“அப்ப மிசின் பிழை. மனுசர் பொய் சொன்னால் எலும்பும் பொய் சொல்லாதோ?”

சொன்னபிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அம்மாவுக்கு விளங்கியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டா. டொக்டர் இன்னொரு படம் எடுக்க எழுதிவிட்டுப் போனார். எக்ஸ்ரே அறையில் மின்சாரம் இல்லை. அந்த இரண்டாவது படத்துக்காக இன்னும் சில நாட்கள் போயின.

அந்த நாட்களில் ஒரு பின்னேரம் நடந்ததைச் சொல்லவேண்டும்.

அம்மா தேத்தண்ணி வாங்கப் போயிருந்தா. நான் வலப்பக்கம், பிலோமினாக்கா பக்கம், திரும்பிப் படுத்திருந்தேன். அவ தன் மூத்த மகளைப்பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தா. அவளுக்கு இப்போதுதான் பன்னிரண்டாம், அதற்குள் ஆகிவிட்டாளாம், இவளை வைத்து எப்படிப் பார்ப்பது என்று அங்கலாய்த்தா. எனக்கு என்ன வந்ததோ தெரியாது.

“எனக்கு இன்னும் ஆகேல்லை அக்கா” என்றேன்.

“என்ன?”

“சடங்கு சும்மா செய்தது. மாமா போறாரெண்டு அம்மா செய்தவா. எனக்கு ஒரு நாளும் வரேல்லை. டொக்டர்மாருக்குத் தெரியாது. அதாலதான் அவைக்கு என்ன வருத்தமெண்டு பிடிபடேல்லை. எனக்குக் கண் போகப்போகுது. அம்மாவுக்கு முன்னால சொல்ல ஏலாது, அவா செத்துப்போவா. நான் என்ன செய்ய அக்கா?”

நாலு வருடத்தில் ஒரு நாளும் அழாத அழுகையை அப்போது அழுதேன். வாய் ஓயாத பிலோமினாக்கா ஒரு சொல் பேசவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. என் தலைக்கு மேலால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தா. சுடச்சுடத் தேத்தண்ணி என் தோளில் சிந்தியபோதுதான் நான் தலையைத் திருப்பினேன்.

அம்மா என் இடப்பக்கம், கட்டிலோடு ஒட்டி, என் மேல் குனிந்தபடி நின்றா. எப்போது வந்தாவோ தெரியாது. கண் உள்ள பிள்ளையென்றால் கடைவிழியில் கண்டிருக்கும். நான் காணவில்லை.

“நான் நிண்டனான்” என்றா. “எவ்வளவு நேரமா நிண்டனான். உனக்குத் தெரியேல்லையே பிள்ளை? இவ்வளவு கிட்ட நிண்டும் உனக்குத் தெரியேல்லையே?”

கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு, செருப்பையும் போடாமல், டொக்டர்மார் இருக்கிற அறையை நோக்கி நடந்தா.

என்ன சொன்னா என்று எனக்குத் தெரியாது. பெண் டொக்டர் வந்து என் நெற்றியில் கை வைத்தார். “அம்மா இதை முதல் நாளே…” என்று தொடங்கியவர் மிச்சத்தைச் சொல்லவில்லை. விறாந்தையில் அப்பாவுக்கும் சொல்லியாகவேண்டி வந்தது. வாட் யன்னல் திறந்திருந்தபடியால் எனக்குக் கேட்டது.

“எனக்கும் சொல்லேல்லையே நீ?”

“சொன்னால் விட்டிருப்பீங்களோ?”

“விட்டிருக்கமாட்டன்.”

கொஞ்சநேரம் கழித்து எட்டிப் பார்த்தேன், இரண்டு பேரும் ஒரே மர வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள்.

அடுத்த நாளே, மின்சாரம் வந்ததும், மண்டையோட்டுப் படம் எடுத்தார்கள். அதற்கு ஒரு பெரிய மிசினும் தேவையில்லை, முதல் நாளே எடுத்திருக்கக்கூடிய சாதாரண எக்ஸ்ரே. சுரப்பி இருக்கிற சின்ன எலும்புக் கிண்ணம் அகன்று தேய்ந்துபோயிருந்தது. அதற்கு மேலே சுண்ணாம்பு தூவியதுபோல வெள்ளைப் பொட்டுகள். கட்டி. புற்றுநோய் இல்லை, ஆனால் இருக்கிற இடம் பொல்லாதது. சிறுவயதிலிருந்தே மெல்ல மெல்ல வளர்ந்து முதலில் என் வளர்ச்சியை நிறுத்தியிருக்கிறது, பிறகு வரவேண்டியதை வரவிடாமல் தடுத்திருக்கிறது, பிறகு தாகத்தைத் தந்திருக்கிறது, கடைசியாகக் கண் நரம்பில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பதினைந்து வயதில், சடங்குக்குப் பதிலாக ஒரு டொக்டரிடம் போயிருந்தால், கண்ணைத் தொடமுதலே பிடிபட்டிருக்கும். இதை அவர்கள் சொல்லவில்லை. நான் கணக்குப் பார்த்துக்கொண்டேன். அம்மாவும் பார்த்திருப்பா.

சத்திரசிகிச்சை கொழும்பில்தான். அங்கேயும் அந்த வருடம் வேறொரு குழப்பம், அரசுக்கு எதிரான சிங்கள இளைஞர் கிளர்ச்சி. ஊரடங்கு, கடையடைப்பு, வேலைநிறுத்தம். நாள் வைப்பார்கள், தலையை மழிப்பார்கள், தள்ளிப்போகும். மழித்த தலையில் மயிர் முளைக்கத் தொடங்கும், திரும்ப நாள் வைப்பார்கள். என் கட்டிலுக்கு நேரே கம்பி வைத்த யன்னல் ஒன்று இருந்தது. நடுக்கம்பியை நேரே பார்த்தபடி, பக்கக் கம்பிகளில் எவையெவை தெரிகின்றன என்று ஒவ்வொரு விடியலிலும் பார்ப்பேன். ஒவ்வொரு தள்ளிவைப்புக்கும் ஒரு கம்பி கரைந்திருக்கும். தாதிமாருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. “கெதியா, கெதியா” என்று அவசரப்படுத்தி அழுவேன். அவர்கள் என் தலையைத் தடவிவிட்டுப் போவார்கள். ஊரில் அடுப்படிப் பக்கமே போகாத அப்பா, தங்கியிருந்த லொட்ஜில் தேத்தண்ணிக் கேத்திலுக்குள் முட்டை அவித்து, சூடு ஆறமுதல் காற்சட்டைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு, ஊரடங்கு விட்ட இடைவெளியில் ஓடி வருவார். அம்மா அந்த முட்டையை உரித்து ஊட்டுவா. எனக்குக் கை இருக்கிறது என்று சொன்னாலும் கேட்கமாட்டா.

கடைசியில் ஒரு நாள் தள்ளவில்லை.

கண் விழித்தபோது நெற்றியின் குறுக்கே கட்டு. உயிர் இருந்தது. பேச்சு இருந்தது. கட்டியை அனேகமாக முழுவதும் எடுத்துவிட்டதாக, தமிழ் தெரிந்த ஒரு டொக்டரை வைத்துச் சொன்னார்கள். “மிஞ்சின பார்வை நிக்கும். போனது திரும்பி வராது.” எனக்கு மிஞ்சியது நடு. இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கம் இல்லை. வண்டிக் குதிரைக்குக் கண்ணோரம் மறைப்புக் கட்டுவார்களே, அதுபோல. நேரே வைத்தால் வாசிப்பேன், எழுதுவேன், இதோ எழுதிக்கொண்டிருக்கிறேன். சைக்கிள் ஓட ஏலாது. தெருவைக் கடக்க ஆள் வேண்டும். நுணுக்குக்காட்டி ஒரு கண்ணால்தான் பார்ப்பது, அதற்கு நடு போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

வெட்டியபோது சுரப்பியும் போயிற்று. அது செய்த வேலையை இனி ஆயுள் முழுக்கக் குளிசை செய்யும். காலையில் இரண்டு வகை, பின்னேரம் ஒன்று, தாகத்துக்கு மூக்கில் விடுகிற துளி மருந்து. அது குளிரில் இருக்கவேண்டும். வீட்டில் குளிர்ப்பெட்டி ஏது? அம்மா ஒரு மண்பானையில் ஈரமணல் போட்டு அதற்குள் புதைத்து வைத்து, மணல் காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறா. பாதை பூட்டுப்பட்டால் என்ன செய்வது என்று நாங்கள் கதைப்பதில்லை. முந்திக் கதைக்காமல் விட்டதுபோல் அல்ல இது. கதைத்தும் பயனில்லாதபடியால் கதைப்பதில்லை.

ஒரு நல்ல செய்தி. கையில் கோடுகள் இன்னும் திறந்துதான் இருக்கின்றன. எனவே குளிசை போடப்போட நான் வளர்கிறேன். இருபது வயதில்! சடங்குச் சட்டை கடைசியில் கட்டையாகிவிட்டது. பெரியபிள்ளை ஆவதற்கும் குளிசை உண்டாம். கொஞ்சம் உயர்ந்தபிறகு தொடங்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஊருக்குக் கதை எங்களுக்கு முதலே வந்து சேர்ந்திருந்தது. ‘கள்ளச் சாமத்தியம்’ என்று எங்கள் வீட்டுக்குப் பெயரும் வைத்தாயிற்று. அம்மா சந்தைக்குப் போனால், “என்ன, அடுத்த சடங்கு எப்ப?” என்று கேட்கிறவர்கள் உண்டு. அம்மா கத்தரிக்காயைத் தெரிந்தெடுத்துக்கொண்டே, “பிள்ளைக்கு வரேக்கை சொல்லுறன், வாருங்கோ” என்பா.

போன கிழமை, மத்தியானம் திரும்பிய நேரம், கமலாக்கா வந்தா. எங்களுக்கு மூன்று வளவு தள்ளி இருப்பவா. அவவின் புருசன் சவூதியில். மகளுக்குப் பதினாறு முடிந்துவிட்டது. சிரிக்க வந்தவாபோல் இல்லை. குசினி வாசலில் நின்று சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தா.

“இவர் அடுத்த மாதம் வாறார் அக்கா. ஒரு மாதம்தான் நிப்பார். பிறகு எப்பவோ.”

“ஓம்?”

“பிள்ளைக்கு இன்னும் ஒண்டையும் காணேல்லை. இவர் நிக்கேக்கை செய்து முடிச்சால் நல்லம். அதுதான்…” குரலைத் தணித்தா. “நீங்கள் எப்பிடிச் செய்தனீங்கள்? நாலு வருசம் ஆருக்கும் பிடிபடாமல்? அதைக் கேட்டுப்போக வந்தனான். கோவியாதையுங்கோ.”

நான் உள்ளே கட்டிலில் இருந்தேன். அம்மா அடுப்பிலிருந்த சட்டியை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது.

“வதனி, இஞ்ச வா பிள்ளை.”

போனேன். என்னைக் கதிரையில் இருத்தினா.

“கமலாக்காவின்ர முகத்தை நேரே பார். தலையைத் திருப்பாதை.”

பார்த்தேன். கமலாக்கா என்னைப் பார்த்துச் சங்கடத்தோடு சிரித்தா. அம்மா எனக்குப் பின்னால் நின்றா. வேறொன்றும் நடக்கவில்லை. அம்மா ஏன் ஒன்றும் சொல்லாமல் நிற்கிறா என்று யோசித்தேன். கமலாக்காவின் சிரிப்பு மெல்ல மெல்ல அணைந்தது. அவவின் கண் என் முகத்தைவிட்டு என் இடப்பக்கம் போயிற்று, வலப்பக்கம் போயிற்று, திரும்ப என் கண்ணுக்கு வந்தது. பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினா.

“ரெண்டு கையையும் இவளின்ர முகத்துக்குப் பக்கத்தில வைச்சு ஆட்டிக்கொண்டு நிக்கிறன்” என்று அம்மாவின் குரல் பின்னாலிருந்து வந்தது. “இவளுக்குத் தெரியேல்லை. பாத்தனீதானே, கமலா? நான் இப்பிடித்தான் செய்தனான்.”